இனம் கேட்கும் படிவம், குடி கேட்காத ஆய்வு

ஆயிரம் மரபணுத்தொகைத் திட்டம் தன் இறுதி முடிவுகளை 2015இல் வெளியிட்டது. அதிலிருந்த 2504 பேரில் 102 பேர் இலங்கைத் தமிழர். ஆனால் அவர்கள் பிரித்தானியாவில் வாழ்பவர்கள். மட்டக்களப்பின் அமிர்தகழியாருக்கும் யாழ்ப்பாணத்தின் பருத்தித்துறையாருக்கும் அங்கே ஒரே பெயர்தான்.

இனவாரியாகப் பிரித்துப் பார்ப்பது வீண்வேலை அல்ல. அல்சைமர் நோயோடு தொடர்புள்ள அப்போ-ஈ மரபணுவின் நான்காம் வகையையே எடுத்துக்கொள்வோம். தாய் தந்தை இருவரிடமிருந்தும் அதைப் பெற்றவருக்கு நோய்க்கான வாய்ப்பு வெள்ளையரில் ஏறத்தாழ 15 மடங்கு, யப்பானியரில் 33 மடங்கு, ஆபிரிக்க அமெரிக்கரில் 6 மடங்கு கூடுகிறது என 1997இல் ஒரு பெருந்தொகுப்பாய்வு காட்டியது. எல்லோரையும் ஒன்றாகக் கலந்திருந்தால் இது தெரிந்திருக்காது. ஐரோப்பியரை வைத்துக் கணித்த ஆபத்தை நம் தலையில் அப்படியே ஏற்றக்கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

குறை அடுத்த படியில் வருகிறது. இந்த வேறுபாட்டுக்கு இரத்தம் மட்டுமே காரணம் என்று வாசிப்பது அவசரம். உணவு, படிப்பு, நீரிழிவு, இரத்த அழுத்தம், எத்தனை வயதுவரை வாழ்கிறோம் என்பதெல்லாம் இனப்பெயருக்குள் ஒளிந்துகொள்கின்றன. இனம் மாறினால் தொடர்பும் மாறியே தீரும் என்பதுமில்லை: இந்தியாவில் ஹரியானாவின் பல்லப்கரில் இந்த நான்காம் வகை அமெரிக்காவின் பென்சில்வேனியாவைவிடக் குறைவாகவே இருந்தது; ஆனால் நோயோடு அதற்கிருந்த தொடர்பின் வலு இரண்டு இடத்திலும் ஒத்திருந்தது.

இனப்பெயர் எவ்வளவு பருமனானது என்பதைக் காட்டும் நோய் நம் பக்கத்திலேயே இருக்கிறது. நடை தள்ளாடி, பேச்சுக் குழறி, கடைசியில் விழுங்கவும் முடியாமற் செய்யும் பரம்பரைச் சிறுமூளைத் தேய்வின் முதலாம் வகை, தமிழ்நாட்டில் ஒரு சமூகத்தில் மிக அதிகமாக இருப்பது 2005இல் பதிவானது. ‘தமிழர் நோய்’ என்று அதற்குப் பெயர் சூட்டுவது பெரும் அநியாயம். குறிப்பிட்ட குடும்பங்களின் வழியாக இறங்கும் நோய் அது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் சரிபாதி வாய்ப்பு.

மட்டக்களப்பில் குடும்ப வழியை அறியக் கருவி ஏற்கெனவே உண்டு: தாய்வழிக் குடி. கோயில் உரிமையிலிருந்து கல்யாணப் பேச்சுவரை குடி கேட்கிற ஊர் இது. கிழக்கின் முஸ்லிம்களிடமும் இந்தக் குடிமுறை இருக்கிறது. இனம் கேட்கும் படிவமோ தமிழரையும் முஸ்லிம்களையும் இரண்டு கட்டங்களில் அடைக்கிறது. குடி மட்டும் போதுமென்றும் சொல்ல முடியாது. மேலே சொன்ன சிறுமூளைத் தேய்வுக்குக் காரணமான, மரபணுவில் திரும்பத் திரும்ப வரும் எழுத்துத் தொடர் தகப்பன் வழியாக இறங்கும்போதே பெரும்பாலும் நீள்கிறது; நீள நீள நோய் இளவயதிலேயே தாக்கும். தாய்வழியை மறக்காத நாம் தகப்பன் பக்கத்தைப் பாதியில் விட்டுவிடுகிறோம்.

ஆய்வாளர்கள் கிழக்குக்கு வந்து, சம்மதம் பெற்று, இரு வழியையும் கேட்டுப் பதிய வேண்டும். முடிவைக் குடும்பங்களிடம் திருப்பிச் சொல்லவும் வேண்டும். அதுவரை நம் கையிலுள்ளதை நாமே செய்யலாம். உங்கள் வீட்டில் இரண்டு தலைமுறையில் நடை தள்ளாட்டமோ இளவயது மறதியோ இருந்தால், யார் யாருக்கு, எந்த வயதில் தொடங்கியது என்று அப்பா பக்கத்தையும் சேர்த்து எழுதி வைத்தியரிடம் கொடுங்கள்.