நிலைமாற்றமும் நேர்மையும்

2004-ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலில், ஜான் கெர்ரி நிலையற்றவர் என்றும் ஜார்ஜ் புஷ் உறுதியாளர் என்றும் பரவலாகப் பேசப்பட்டது. இம்மதிப்பீட்டை நாம் ஏற்பதற்கில்லை.

2002-இல் ஈராக் போருக்கு இசைவளித்த கெர்ரி, 2003-இல் 8,700 கோடி டாலர் ஒதுக்கீட்டை எதிர்த்து வாக்களித்தார். செல்வர்க்கு அளித்த வரிச்சலுகையைக் குறைத்து அத்தொகையைத் திரட்டலாம் என்னும் திருத்தம் தோற்ற பின்னரே எதிர்த்தார். ஆயினும், அக்காரணத்தை மக்களுக்குத் தெளிவுறுத்தத் தவறினார்.

புஷ்ஷோ, பிற நாடுகளைக் கட்டியமைப்பது படையின் பணியன்று என 2000-இல் கூறியவர். 2003-இல் ஈராக்கில் அதனையே மேற்கொண்டார். உள்நாட்டுப் பாதுகாப்புக்குத் தனித்துறை வேண்டாமென்றவர், 2002-இல் அதனை அமைக்கும் சட்டத்தில் ஒப்பமிட்டார்.

மாறியவர் இருவருமே. மாற்றத்திற்காக மட்டும் ஒருவரைப் பழித்தல் முறையன்று. அதன் காரணத்தை ஒளியாது மக்கள்முன் வைத்தாரா என்பதே நேர்மைக்கு உரைகல். அவ்வுரைகல்லில் இருவரும் மாற்றுக் குறைந்த பொன்னே எனக் கருதுகிறோம்.