சொல்லா, செயலா?

அரபு அணியிலக்கணம் கற்க வரும் மாணவர்க்கு நாம் தொடக்கத்திலேயே சொல்லித் தரும் பாடம் ஒன்றுண்டு. கூற்று இருவகைப்படும். ஒன்று 'கபர்', மற்றொன்று 'இன்ஷா'. மெய்யென்றோ பொய்யென்றோ தீர்ப்புக் கூறத்தக்க செய்தி கபர். அவ்வளவைக்கு உட்படாமல், சொல்லும் பொழுதே ஒன்றை நிகழ்த்துவது இன்ஷா. ஏவலும் விலக்கலும் வினாவும் இவ்வகையின. வணிகன் 'விற்றேன்' என்கிறான். சொல்லின் வடிவம் இறந்தகாலச் செய்தி. ஆயினும் அவன் செய்தி சொல்லவில்லை, அச்சொல்லாலேயே விற்கிறான். மணமகன் 'ஏற்றுக்கொண்டேன்' என்கிறான். அச்சொல்லாலேயே மணம் முடிகிறது. வடிவத்தைக் கண்டு மயங்காமல் சொல் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும் என்பதே இப்பாடத்தின் உயிர்.

சில திங்களுக்கு முன் இப்பாடத்தை நடத்திக்கொண்டிருந்தபோது மாணவர் ஒருவர் தயங்கித் தயங்கி ஒரு கேள்வி கேட்டார். 'ஹஜ்ரத், கைப்பேசியில் பெண்களைத் துன்புறுத்துவதாகக் காட்டும் படங்கள் வருகின்றன. அவை வெறும் நடிப்புத்தானே? பேச்சைப் போன்றவைதானே? பேச்சு யாரை அடிக்கும்?' வகுப்பில் சிரிப்பு எழவில்லை. கேட்டவர் வம்புக்காகக் கேட்கவில்லை என்பதை அனைவரும் உணர்ந்திருந்தனர். அன்று நாம் தந்த விடை நமக்கே நிறைவளிக்கவில்லை. ஆகவே அவ்வினாவை நேருக்கு நேர் எதிர்கொண்ட ஒரு தீர்ப்பைத் தேடிப் படித்தோம். அத்தீர்ப்பை ஓர் இலக்கியப் பனுவலைத் திறனாய்வது போல ஆராய்ந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அமெரிக்க நாட்டில் ஆண்ட்ரியா டுவொர்க்கின் என்னும் எழுத்தாளரும் காதரின் மக்கின்னன் என்னும் சட்டப் பேராசிரியரும் 1983இல் மினியாபொலிஸ் நகருக்காக ஒரு சட்ட வரைவை எழுதினர். அதுவரை ஆபாசச் சட்டங்கள் 'இது காமத்தைத் தூண்டுமா?' என்றே வினவி வந்தன. இவ்விருவரும் வினாவையே மாற்றினர். 'இதனால் ஒருத்தி தாழ்த்தப்படுகிறாளா, துன்புறுத்தப்படுகிறாளா?' என்று கேட்டனர். காவலரை ஏவிப் பறிமுதல் செய்விப்பது அவ்வரைவின் நோக்கமன்று. இத்தகைய படங்களால் பாதிக்கப்பட்டவர் தாமே உரிமையியல் வழக்குத் தொடுத்து இழப்பீடு பெறலாம் என்பதே அதன் சாரம். மினியாபொலிஸ் நகர்மன்றம் நிறைவேற்றிய அதனை நகரத் தலைவர் தம் தடையதிகாரத்தால் நிறுத்தினார். 1984இல் இண்டியானாபொலிஸ் நகரம் அதனைச் சட்டமாக்கிற்று. புத்தக வணிகர்கள் வழக்குத் தொடுத்தனர். 1985இல் ஏழாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் நீதிபதி ஃபிராங்க் ஈஸ்டர்புரூக் எழுதிய தீர்ப்பால் அச்சட்டத்தைச் செல்லாதென அறிவித்தது. மறு ஆண்டில் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் விரிவான விளக்கமின்றி அம்முடிவை உறுதி செய்தது.

அத்தீர்ப்பைப் படிப்போர்க்கு முதலில் வியப்பே எழும். தீங்கு இல்லை என்று அது கூறவில்லை. பெண்ணைத் தாழ்த்திக் காட்டும் படைப்புகள் அத்தாழ்வை நிலைநிறுத்த முனைகின்றன என்பதை நீதிபதி ஏற்றுக்கொள்கிறார். பணியிடத்தில் குறைந்த ஊதியம், இல்லத்தில் அவமதிப்பு, தெருவில் வன்கொடுமை என அதன் விளைவுகளையும் அவரே எண்ணிச் சொல்கிறார். இவ்வளவும் சொன்ன பின், இவையெல்லாம் பேச்சு என்னும் முறையில் அப்படைப்புக்குள்ள ஆற்றலையே காட்டுகின்றன என்று திரும்புகிறார். ஆற்றலுள்ள பேச்சு தீய கருத்தைப் பரப்பினும் அரசு அதனை அடக்கலாகாது; எக்கருத்து நல்லது, எக்கருத்து தீயது என்று அரசு தீர்மானிக்கத் தொடங்கினால் அது சிந்தனையையே ஆள்வதாகும் என்பது அவர் வாதம்.

இவ்வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. இலக்கியத்தில் நாட்டமுடையோர் ஒரு கணம் நின்று எண்ணிப் பார்க்க வேண்டிய இடம் அது. அச்சட்டம் படைப்பை முழுமையாக நோக்கச் சொல்லவில்லை. இலக்கியத் தகுதிக்கு விலக்கும் அளிக்கவில்லை. அதன் சொற்களை அப்படியே கொண்டால் ஹோமரின் இலியதும் ஜாய்ஸின் யுலிசீசும் கூடச் சிக்கிக்கொள்ளலாம் என்று நீதிபதி சுட்டுகிறார். அவ்வச்சம் வீணன்று என்பதைப் பிற்கால வரலாறும் காட்டிற்று. கனடா நாட்டு உச்ச நீதிமன்றம் 1992இல், பட்லர் வழக்கில், வன்முறை கலந்த காமப் படைப்பைத் தீங்கின் அடிப்படையில் தடுக்கலாம் என்று தீர்ப்பளித்தது. ஆனால் சுங்க அதிகாரிகளின் கை, சிறுபான்மையோர் நடத்திய சிறிய புத்தகக் கடைகளின் மீதே கடுமையாக விழுந்தது. வான்கூவர் நகரப் புத்தகக் கடையொன்று தொடுத்த வழக்கில், அக்கடை நேர்மையற்ற முறையில் குறிவைக்கப்பட்டதை அதே நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் ஒப்புக்கொண்டது. தடை செய்யும் அதிகாரத்தைக் கையில் எடுப்போர் வலியோரை விட்டு எளியோரையே முதலில் பற்றுவர் என்பதை நாம் மறத்தலாகாது.

ஆயினும் ஈஸ்டர்புரூக்கின் தீர்ப்பில் ஓர் அடிப்படைப் பிழை இருப்பதாகவே நாம் கருதுகிறோம். அது சட்டப் பிழை என்பதைவிட வாசிப்புப் பிழை எனலாம். வன்முறைக் காமப்படத்தை அவர் கபராகவே வாசிக்கிறார். 'பெண்கள் இத்தகையோர்' என்று அறிவிக்கும் கருத்தாகவே கொள்கிறார். அது என்ன சொல்கிறது என்று கேட்ட அளவுக்கு, அது என்ன செய்கிறது என்று கேட்கவில்லை.

அது செய்வது இரண்டு. முதலாவது, படம் எடுக்கும் இடத்திலேயே நிகழ்கிறது. நாவலில் ஒருத்தி அறையப்பட்டால் எவர் கன்னமும் சிவப்பதில்லை. படத்திலோ ஓர் உடல் வேண்டும். 1972இல் வெளிவந்து அமெரிக்காவெங்கும் பெரும் பணம் ஈட்டிய ஒரு காமப்படத்தில் நடித்தவர் லிண்டா போர்மன். அவர் 1980இல் தம் வாழ்க்கையை நூலாக எழுதினார். கணவர் அடித்தும் மிரட்டியும் தம்மை அத்தொழிலில் ஈடுபடுத்தினார் என்றும், படத்திலேயே தம் உடற்காயங்கள் தெரிகின்றன என்றும் அதில் கூறினார். எத்தனையோ பேர் அப்படத்தைப் பார்த்தனர். புன்னகையைக் கண்டனர், காயத்தைக் காணவில்லை. வற்புறுத்திப் படமெடுத்தல் பற்றிய பகுதியைத் திருத்தி எழுதினால் அது நிற்கக்கூடும் என்பதை ஈஸ்டர்புரூக்கும் மறுக்கவில்லை. ஆயினும் தீர்ப்பின் முடிவில் அப்பகுதியும் மற்றவற்றோடு சேர்ந்தே வீழ்ந்தது.

இரண்டாவது, இன்னும் நுண்ணியது. சொல்லும் ஒரு செயலே என்பதை மேலைநாட்டில் ஆஸ்டின் என்னும் மெய்யியலாளர் விளக்கினார். அவர் சொற்பொழிவுகள் 1962இல் நூலாயின. நம் பாடநூல்கள் நூற்றாண்டுகளாகச் சொல்லி வருவதற்கு அக்கொள்கை மிக அணுக்கமானது. அதனை அடியொற்றி ரே லாங்டன் என்னும் அறிஞர் 1993இல் ஒரு கட்டுரை எழுதினார். சொல்லால் ஒரு செயல் நிறைவேற வேண்டுமாயின் கேட்போர் அதனை அச்செயலாக அறிந்துகொள்ள வேண்டும். 'வேண்டாம்' என்று ஒருத்தி கூறுவது மறுத்தல் என்னும் செயல். ஆனால் 'வேண்டாம்' என்பதை விளையாட்டாகவும் விருப்பத்தின் மறைமுகக் குறிப்பாகவும் காட்டும் படங்களிலேயே ஒருவன் வளர்ந்தானாயின், அவள் சொல் அவன் காதில் விழும், மறுப்பு விழாது. வாய் இருந்தும் அவள் ஊமையாக்கப்படுகிறாள். லிண்டா தாம் பட்ட துன்பத்தைச் சொல்லி எழுதிய அந்நூலே ஆபாச நூல்களை அஞ்சல்வழி விற்போரின் பட்டியலில் இடம்பெற்றிருந்ததை லாங்டன் எடுத்துக் காட்டுகிறார். முறையீடாக எழுதப்பட்டது சரக்காக வாசிக்கப்பட்டது. இதனினும் கொடிய வாய்ப்பூட்டு எது?

மறுப்பின் வலிமையை நம் மரபு அறியாததன்று. கன்ஸா பின்த் கிதாம் என்னும் பெண்மணி, தம் விருப்பத்திற்கு மாறாகத் தந்தையார் செய்து வைத்த மணத்தைப் பற்றி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் முறையிட, அன்னார் அம்மணத்தையே செல்லாததாக்கினார்கள் என்பதை ஹதீஸ் பயில்வோர் அறிவர். ஒரு பெண்ணின் 'இல்லை' என்னும் சொல், முடிந்ததாகக் கருதப்பட்ட ஒன்றை அவிழ்த்தது. சொல்லுக்குரிய அவ்வலிமையைப் பறிப்பது கருத்துரைத்தல் ஆகுமா?

'படம் பார்ப்பவரெல்லாம் கொடியவர் ஆகின்றனரா?' என்று கேட்பர். ஆகவில்லை, அவ்வாறு நாம் சொல்லவும் இல்லை. இணையம் பரவிய காலத்தில் அமெரிக்காவில் பாலியல் வன்கொடுமை பற்றிய புள்ளிவிவரங்கள் பெருகாமல் குறைந்ததைச் சுட்டும் அறிஞர்களும் உளர். அவர்கள் கூற்றையும் மதிக்க வேண்டும். எனினும் குற்றம் ஒன்று, மனப்பான்மை வேறொன்று. 1981இல் மாலமுத், செக் என்னும் இரு ஆய்வாளர் கனடாவில் செய்த சோதனை நினைவில் கொள்ளத்தக்கது. அவர்கள் காட்டியவை ஆபாசப் படங்கள் அல்ல. திரையரங்குகளில் ஓடிய சாதாரணப் படங்கள். பெண்ணின் மீதான வன்முறை நற்பயன் தருவதுபோல் அவற்றில் காட்டப்பட்டிருந்தது. சில நாள் கழித்து, படத்தோடு தொடர்பில்லாததாகத் தோன்றிய ஒரு வினாத்தாளை மாணவர்களிடம் கொடுத்தனர். அப்படங்களைக் கண்ட ஆண்களிடம் பெண்ணின் மீதான வன்முறையை ஏற்கும் மனப்பான்மை கூடியிருந்தது.

2010இல் வெளியான மற்றோர் ஆய்வு, மிகுதியாக விற்பனையான காமப்படங்களிலிருந்து 304 காட்சிகளை எடுத்து எண்ணிற்று. 88 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவற்றில் அடித்தல், கழுத்தை நெரித்தல் போன்ற செயல்கள் இருந்தன. எதனை வன்முறையாக எண்ணுவது என்பதில் அறிஞரிடையே வேறுபாடு உண்டு. வரையறை சுருங்கினால் எண்ணும் சுருங்கும். ஆனால் அவ்வாய்வில் நம்மை உலுக்குவது அவ்வெண்ணன்று. அடிபட்டோர் பெரும்பாலும் பெண்கள். அவர்களோ ஏறத்தாழ எல்லாக் காட்சிகளிலும் இன்பமுற்றோராகவோ ஒன்றும் நேராதது போலவோ காட்டப்பட்டனர். கபர் என்றே கொண்டாலும் அது பச்சைப் பொய்யன்றோ! இங்கிலாந்தின் குழந்தைகள் நல ஆணையர் 2023இல் வெளியிட்ட அறிக்கை, அப்பொய் யாரிடம் போய்ச் சேர்கிறது என்பதைக் காட்டுகிறது. 16 முதல் 21 வயது வரையுள்ளோரில் 79 விழுக்காட்டினர் 18 வயதுக்கு முன்பே வன்முறைக் காமப்படத்தை எதிர்கொண்டிருந்தனர். உறவில் வன்மையைப் பெண்கள் எதிர்பார்க்கின்றனர் என்று 47 விழுக்காட்டினர் கூறினர்.

நம் நாட்டுச் சட்டம் பெரிதும் வேறொரு திசையையே நோக்கி நிற்கிறது. 1964இல் உதேஷி வழக்கில் உச்ச நீதிமன்றம் லாரன்ஸின் நாவலொன்றை ஆபாசமென்று கண்டபோதும், இன்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 294ஆம் பிரிவிலும், காமத்தைத் தூண்டுதலும் ஒழுக்கத்தைக் கெடுத்தலுமே முதன்மையான அளவுகோல்கள். பெண்களை இழிவாகச் சித்திரித்தலைத் தடுக்கும் 1986ஆம் ஆண்டுச் சட்டம் சற்றே வேறு நோக்குடையது. ஆயினும் பொதுமன்றத்தில் நாம் பேசுவதெல்லாம் ஆடை எவ்வளவு குறைந்தது என்பதைப் பற்றியே. கை எவ்வளவு ஓங்கியது என்பதைப் பற்றியன்று. இக்குறை நம் சமயப் பேச்சாளர்களிடமும் உண்டு. வெட்கத்தைப் பற்றி ஆயிரம் சொற்பொழிவு நிகழ்த்துகிறோம். வலியைப் பற்றி ஒன்றேனும் நிகழ்த்துகிறோமா? பிரித்தானியா 2008இல் இயற்றிய சட்டம், உயிருக்கு ஊறு விளைக்கும் செயலைக் காட்டும் காமப்படத்தை வைத்திருப்பதையே குற்றமாக்கிற்று. 2015இல் வன்புணர்வுக் காட்சிகளையும் அதனுள் சேர்த்தது. அதில் குறைகள் இருக்கலாம். ஆயினும் கேட்க வேண்டிய வினாவை அது கேட்டது.

அவ்வாறாயின் இலக்கியத்தில் கொடுமையையே காட்டலாகாதா? காட்டலாம், காட்டவும் வேண்டும். பாரதியார் 'பாஞ்சாலி சபத'த்தில் ஒருத்தி அவையில் இழுத்து வரப்படுவதைக் காட்டுகிறார். ஆனால் கவிஞர் நிற்குமிடம் அவள் பக்கம். அவள் வினவும் வினாவே காப்பியத்தின் நடுநாடி. இழுப்பவனின் கண்ணால் நம்மைப் பார்க்கச் செய்து, அதில் சுவை காணவும் செய்யும் படைப்பு இதற்கு நேர் எதிர். தமிழ்ப் பொருளிலக்கணமும் ஒத்த அன்பினையே ஐந்திணையாக நடுவில் வைத்தது. ஒருதலைக் காமமாகிய கைக்கிளையையும் பொருந்தாக் காமமாகிய பெருந்திணையையும் மறைக்காமல் பெயரிட்டு இரு புறத்தே நிறுத்திற்று. நம் முன்னோர் அவற்றைத் தடை செய்யவில்லை. ஆனால் அவற்றை அன்பு என்று அழைக்கவும் இல்லை. திறனாய்வின் கடமையும் அதுவே. எதனையும் அதன் பெயரால் அழைத்தல் வேண்டும்.

அந்த மாணவருக்கு இப்போது நாம் கூறும் விடை இது. படத்தில் அடிப்பது நடிப்பாக இருக்கலாம். நடிப்பு அன்றாகவும் இருக்கலாம். திரைக்கு முன் அமர்ந்திருக்கும் நம்மால் அதனை அறிய இயலாது. அறிய இயலாத ஒன்றில் இன்பம் காண்பது, அவள் காயமுற்றிருந்தாலும் நமக்குக் கவலையில்லை என்று கூறுவதாகும். அது கபரன்று, மகனே. அதுவும் ஒரு செயல். அதனைச் செய்பவர் நாமே.