கெர்னலின் நெட்வொர்க் மெனு: எது எங்கே இருக்கிறது?

டெபியனோ உபுண்டுவோ தரும் லினக்ஸ் கெர்னலில் ஏறக்குறைய எல்லாமே மாட்யூலாகக் கூடவே வந்துவிடும். அதனால் சொந்தமாகக் கெர்னல் கட்ட வேண்டிய கட்டாயம் இன்று பலருக்கு இல்லை. இருந்தும் ஒரு பழைய மடிக்கணினியை வீட்டு ரவுட்டராக்கத் தோன்றியபோது, அதற்கு வேண்டியதை மட்டும் வைத்து 6.12 கெர்னலைக் கட்டிப் பார்த்தேன். ஒரு பக்கம் இணைய இணைப்பு, மறுபக்கம் வீட்டுக் கருவிகள், வெளியூரிலிருந்து வீட்டுக்குள் வர வயர்கார்டு. இவ்வளவுதான் தேவை.

'மேக் மெனுகான்ஃபிக்' கட்டளையைக் கொடுத்தால் டெர்மினலிலேயே மெனு திறக்கிறது. இதன் அடியில் இருக்கும் கேகான்ஃபிக் 2002-இல் கெர்னலுக்குள் வந்தது. ஒரு வரிக்கு எதிரே நட்சத்திரம் இருந்தால் அந்த வசதி கெர்னலோடு ஒன்றாகச் சேரும். எம் என்றிருந்தால் தேவைப்படும்போது ஏற்றிக்கொள்ளும் மாட்யூல். காலியாக இருந்தால் அது இல்லை. அம்புக்குறி விசைகளும் ஸ்பேஸ் பாரும் போதும். பழைய கணினியிலும் ரிமோட் இணைப்பிலும் ஒரே வேகத்தில் ஓடுகிறது. இந்த எளிமை எனக்கு மிகவும் பிடித்தது.

பிடிக்காதது அடுக்கு முறை. நெட்வொர்க் தொடர்பான எல்லாம் 'நெட்வொர்க்கிங் சப்போர்ட்' என்ற தலைப்புக்குள் இருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். டிசிபி, ஐபிவி6, பிரிட்ஜ், ஃபயர்வால் எல்லாம் அங்கே இருக்கின்றன. வயர்கார்டு மட்டும் அங்கே இல்லை. 2020-இல் 5.6 பதிப்போடு கெர்னலுக்குள் வந்த அது, 'டிவைஸ் டிரைவர்ஸ்' மெனுவுக்குள் நெட்வொர்க் கருவிகளின் பகுதியில் இருக்கிறது. டாக்கர் கன்டெய்னர்களுக்கு வேண்டிய வீத், பழைய விபிஎன்கள் கேட்கும் டன் இரண்டும் அங்கேதான். என்எஃப்எஸ் வேண்டுமென்றால் 'ஃபைல் சிஸ்டம்ஸ்' பக்கம் போக வேண்டும். மூலநிரல் எந்தெந்த அடைவில் கிடக்கிறதோ அதே வரிசையில் மெனுவும் அமைந்திருக்கிறது. கெர்னல் எழுதுபவர்களுக்கு இது வசதி. ரவுட்டர் அமைக்க வருபவருக்கு அல்ல.

இன்னொரு சிக்கல், கண்ணில் படாத வரிகள். ஒரு வசதி இன்னொன்றைச் சார்ந்திருந்து, அந்த இன்னொன்று அணைக்கப்பட்டிருந்தால், முதலாவது மெனுவிலேயே தெரியாது. 'நெட்வொர்க் கோர் டிரைவர் சப்போர்ட்' என்ற ஒரே வரியை அணைத்தால் வயர்கார்டு, டன், வீத், பாண்டிங் எல்லாம் சேர்ந்து மறைந்துபோகும். டிசிபி நெரிசல் கட்டுப்பாட்டிலும் இதே கதை: அதன் 'அட்வான்ஸ்டு' வரியைத் திறந்தால்தான் கூகுள் உருவாக்கி 2016-இல் 4.9 பதிப்பில் சேர்ந்த பிபிஆர் தெரியும். இல்லாவிட்டால் வழக்கமான கியூபிக் மட்டும்தான். இதற்கெல்லாம் மருந்து, சாய்கோட்டு விசை. அதை அழுத்தி வசதியின் பெயரைத் தேடினால் அது எந்த மெனுவில் இருக்கிறது, எதைச் சார்ந்திருக்கிறது என்று காட்டும். பக்கத்தில் தெரியும் எண்ணை அழுத்தினால் நேரே அந்த இடத்துக்கே போய்விடலாம். மறைந்திருக்கும் வரிகளைப் பார்க்க இசட் விசை இருக்கிறது. மெனுகான்ஃபிக்கில் முதலில் கற்க வேண்டியவை இந்த இரண்டு விசைகள்தான்.

ஒவ்வொரு வரிக்கும் உதவிக் குறிப்பு உண்டு. பெரும்பாலானவை தெளிவானவை, சந்தேகம் இருந்தால் எதைத் தேர்ந்தெடுப்பது என்றும் சொல்லிவிடுகின்றன. ஆனால் 'பாக்கெட் சாக்கெட்' வரியைப் பாருங்கள். டிசிபிடம்ப் போன்ற கருவிகளுக்கு இது தேவை என்கிறது குறிப்பு. டிசிபிடம்ப் நமக்கு எதற்கு என்று ஒருவர் அதை அணைத்துவிடலாம். பல டிஹெச்சிபி கிளையன்ட்கள் ஐபி முகவரி கேட்பதும் இதே சாக்கெட் வழியாகத்தான். அது இல்லையென்றால் கேபிள், டிரைவர் எல்லாம் சரியாக இருந்தும் முகவரி வராது. குறிப்பில் ஒரு வரி கூடியிருந்தால் எத்தனையோ பேருக்கு ஒரு மாலைப் பொழுது மிஞ்சியிருக்கும்.

ஃபயர்வால் பகுதி இன்னும் கவனம் கேட்கிறது. 2014-இல் 3.13 பதிப்பில் வந்த என்எஃப்டேபிள்ஸைத் தேர்ந்தெடுத்தால் மட்டும் போதாது. கனெக்‌ஷன் டிராக்கிங், நாட், மாஸ்கரேட் ஒவ்வொன்றும் தனித்தனி வரி. மாஸ்கரேட்டை விட்டுவிட்டு அந்த விதியை எழுதினால், 'அப்படியொரு கோப்போ அடைவோ இல்லை' என்ற பொருளில் பிழைச் செய்தி வரும். விதியில் எழுத்துப் பிழை தேடி உட்காருபவர்கள் ஏராளம். குறை கெர்னலில் இருக்கிறது என்று அந்தச் செய்தி சொல்வதே இல்லை.

நட்சத்திரமா எம்மா என்பது பெரும்பாலும் விருப்பம். ஓரிடத்தில் மட்டும் அப்படியில்லை. வட்டே இல்லாத கணினி என்எஃப்எஸ் மூலம் பூட் ஆக வேண்டுமென்றால், கெர்னலே ஐபி முகவரி வாங்கும் வசதியும் நெட்வொர்க் அட்டையின் டிரைவரும் கெர்னலோடு சேர்ந்திருக்க வேண்டும். மாட்யூல் இருப்பது ரூட் ஃபைல் சிஸ்டத்தில். அதை அடைய நெட்வொர்க் வேண்டும். நெட்வொர்க்குக்கு அந்த மாட்யூல் வேண்டும். இனிட்ராம்எஃப்எஸ் வைத்திருந்தால் மட்டுமே இந்தச் சுழலிலிருந்து தப்பலாம்.

புதிதாகக் கட்டுபவர்களுக்கு 'மேக் லோக்கல்மாட்கான்ஃபிக்' நல்ல தொடக்கம். இப்போது ஏற்றப்பட்டிருக்கும் மாட்யூல்களை வைத்துக்கொண்டு மற்ற மாட்யூல்களைக் கழித்துவிடுவதால் கம்பைல் நேரம் வெகுவாகக் குறைகிறது. அந்த நிமிடத்தில் செருகாத கருவி எதற்கும் அதில் இடமில்லை. ஆகவே போனை யுஎஸ்பியில் டெதரிங்கோடு இணைத்து, வயர்கார்டை ஒருமுறை ஓடவிட்டு, ஃபயர்வால் விதிகளை ஏற்றி வைத்த பிறகே அந்தக் கட்டளையைக் கொடுங்கள். கட்டி முடித்தபின் பழைய கெர்னலை பூட் மெனுவிலிருந்து நீக்க வேண்டாம். கான்ஃபிக் கோப்பைப் பத்திரப்படுத்தி, அடுத்த பதிப்பில் 'மேக் ஓல்டுகான்ஃபிக்' கொடுத்தால் புதிதாக வந்த வரிகளை மட்டும் கேட்கும்.