மேனிஃபோல்டும் மெருகும்

லாரி வைத்துப் பிழைப்பவர்களில் கைத்திறமும் யந்திரப் பற்றும் உடைய சிலர், எஞ்சினைப் பிரித்த சமயம் பார்த்து, காற்று உட்செல்லும் இன்டேக் மேனிஃபோல்டை வீட்டுத் திண்ணைக்கே கொண்டுவந்து, அதன் உட்குழல்களை டை கிரைண்டராலும் உப்புத்தாளாலும் அகலப்படுத்திப் பளபளப்பாக்கிவிட்டால் இழுவை கூடும், டீசல் மிச்சமாகும் என்று நம்புகிறார்கள். பந்தயக் கார்களின் உலகிலிருந்து வந்த இப்பழக்கத்தை முற்றிலும் வீண் என்று தள்ளுவது நியாயமன்று. எவ்விடத்தில் கையை நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது தெரியாமல் செய்யும்போதுதான் அது கேடாக முடிகிறது.

இதில் மெய்யான பிரயோஜனம் உள்ள பகுதி, மேனிஃபோல்டின் வாயும் சிலிண்டர் ஹெட்டின் வாயும் சேரும் இடமே. கேஸ்கட்டை அளவாக வைத்து விளிம்பைக் கோடிட்டுக்கொண்டு, விரலை உள்ளே விட்டுத் தடவினால், வார்ப்பில் தங்கிய பிசிறு ஒரு பக்கமும், நகம் தட்டும் அளவுக்குச் சிறு படி மற்றொரு பக்கமும் நிற்பது பல வேளைகளில் தெரியும். ஓடிவரும் காற்று அந்தப் படியில் மோதிச் சுழித்துத்தான் உள்ளே போகவேண்டியிருக்கிறது. மண்ணெண்ணெயைத் தொட்டுத் தொட்டு, கிரைண்டர் முனையிலுள்ள பர்ரின் பற்களில் அலுமினியம் அப்பிக்கொள்ளாதபடி, அதைப் பொறுமையாகச் சரித்துவிடுபவரின் உழைப்பு நல்ல உழைப்பு. தொழிற்சாலையின் அவசரத்தில் விடுபட்டதை அவர் கை பூர்த்தி செய்கிறது.

ஆனால் மெருகு வேறு விஷயம். குழலின் சுவரை ஒட்டியுள்ள மெல்லிய காற்றுப் படலம், சுவர் எவ்வளவு வழவழப்பாயினும் ஏறக்குறைய அசையாமலே நிற்கும். பெருந்தடை இருப்பது வளைவுகளிலும் வால்வு சீட்டின் இடுக்கிலும்தான். கார்புரேட்டர் வைத்த பெட்ரோல் எஞ்சினில் இன்னொரு தீமையும் உண்டு: கண்ணாடிபோல் தேய்த்த சுவரில் பெட்ரோல் படிந்து தாரையாக ஓடுமாதலால், விஷயம் தெரிந்தவர்கள் 80ஆம் நம்பர் தாள் விட்டுச்சென்ற சொரசொரப்போடு நிறுத்திக்கொள்வார்கள்.

டீசல் லாரிக்கோ பலன் இன்னும் குறைவு. டீசல் எஞ்சினின் சக்தியை நிர்ணயிப்பது பெரும்பாலும் உள்ளே பீய்ச்சப்படும் எரிபொருளின் அளவு; டர்போ பூட்டிய எஞ்சினில் சிறு தடைகளை டர்போவின் அழுத்தமே பெரிதும் ஈடுசெய்துவிடும். அகன்ற குழலின் நன்மை தெரிவதெல்லாம் உச்சச் சுழற்சியில். செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு நெல் மூட்டை ஏற்றிவரும் லாரி அத்தகைய வேகத்தில் ஓடுவதேயில்லை.

இதைவிடக் கவலைக்குரியது, மேனிஃபோல்டோடு நிற்காமல் ஹெட்டுக்குள்ளும் கிரைண்டர் நுழைவது. பல டீசல் எஞ்சின்களில் ஹெட்டின் காற்றுவழி திருகலாக வார்க்கப்பட்டிருப்பது வார்ப்புக் குறையால் அன்று; காற்று சிலிண்டருக்குள் சுழன்றிறங்கி எரிபொருளோடு கலக்க வேண்டும் என்பதற்காகவே. அந்த வளைவைத் தடையென்று எண்ணிக் கரைத்துவிட்டால் சுழல் குலையும், கரும்புகை கூடும், இழுவையும் குன்றும். இங்கிலாந்தில் சிலிண்டர் ஹெட் வடிவமைப்பில் புகழ்பெற்ற ஹாரி வெஸ்லேக், காற்றோட்டத்தைக் கருவியால் அளந்து பார்த்தே வடிவைத் திருத்தினார். வீட்டுத் திண்ணையில் அந்தக் கருவி இல்லை. கண்ணும் விரலும் எத்தனை தேர்ந்தவையானாலும் காற்றின் ஓட்டத்தை அளக்கமாட்டா.

செஞ்சிக்கு வடக்கே, தேசூரை அடுத்த சீயமங்கலத்தில், ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன் குடைவித்த அவனிபாஜன பல்லவேசுவரம் என்னும் குடைவரையைப் பார்க்கிறவர்களுக்கு, அளவறியாமல் கழித்துவிடுவதன் ஆபத்து எளிதில் விளங்கும். கழித்தெடுத்த பாறையை மறுபடி ஒட்டவைக்க இயலாத தொழில் அது. அதனால்தான் பல்லவச் சிற்பிகள் பாறையை முதலில் சிறு சதுரங்களாகக் கோடிட்டுக்கொண்டு பிறகே குடைந்தார்கள் என்பதை, மாமல்லபுரத்தில் முற்றுப்பெறாமல் நின்றுபோன வேலைகள் இன்றும் பிரத்தியட்சமாகக் காட்டுகின்றன. எஞ்சினின் காற்றுவழியும் அந்த ஜாதியைச் சேர்ந்ததே. மேனிஃபோல்டு ஓட்டையானால் வேறு வாங்கிவிடலாம். ஹெட்டில் பர் ஆழ்ந்து தண்ணீர் செல்லும் அறையைத் தொட்டுவிட்டால், அந்த ஹெட்டை மீட்பதற்கு ஆகும் செலவு, மிச்சமாகும் என்று எதிர்பார்த்த டீசலை முழுதும் விழுங்கிவிடும்.

ஆகவே இந்த வேலையில் ஆசை கொண்டவர்களுக்கு என் வேண்டுகோள் இது. புகையும் இழுவைக்குறையும் கண்டால் முதலில் ஏர் ஃபில்டரையும், நாஸிலையும், பம்ப்பின் காலிபரேஷனையும், வால்வு இடைவெளியையும் பாருங்கள். பிஎஸ்-4 முதலான வண்டிகளில் புகையைத் திருப்பி அனுப்பும் வழியால் மேனிஃபோல்டுக்குள் கரி அடைந்திருந்தால் அதைச் சுத்தம் செய்யுங்கள், அதுவே எந்த மெருகையும்விடப் பலன் தரும். அதற்கு மேலும் கை பரபரத்தால், முகமூடி அணிந்துகொண்டு, கழற்றிய மேனிஃபோல்டின் விளிம்புப் படியை மட்டும் சரித்து, உலோகத் தூள் ஒன்றும் தங்காமல் டீசலால் அலசித் துடைத்துப் பூட்டுங்கள். ஹெட்டின் காற்றுவழியைத் தொடாதீர்கள்.