கிருமி என்னும் ஒற்றைச் சொல்

வைரஸைப் பற்றித் தமிழில் வந்துள்ள பாடங்களையும் கட்டுரைகளையும் நான்கைந்து எடுத்து வைத்துக்கொண்டு படித்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே படத்தைக் காண்பீர்கள். வைரஸ் என்னும் கிருமி உயிரணுவினுள் படையெடுத்து நுழைகிறது, அதன் தொழிற்சாலையைக் கைப்பற்றுகிறது, பெருகுகிறது. மாணவன் இதை எழுதினால் முழு மதிப்பெண் உண்டு. அந்தத் தொழிற்சாலை எது, அங்கே என்ன நடக்கிறது என்று கேட்டால் விழிக்கிறான். குறை அவனுடையதன்று.

நான் இயற்பியல் ஆசிரியன். இதில் உனக்கென்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். கீழவைப்பார்ப் பக்கம் ஓர் இறால் பண்ணைக்காரரைச் சந்திக்கும்வரை நானும் அப்படித்தான் இருந்தேன். வெள்ளைப்புள்ளி நோய் கண்டு ஒரே வாரத்தில் அவருடைய குளம் அழிந்துபோயிற்று. 1994-95இல் நம் கிழக்குக் கரைப் பண்ணைகளைப் பாழாக்கிய அதே வைரஸ் நோய்தான். தீவனத்தோடு டெட்ராசைக்ளின் கலந்து போட்டிருக்கிறார். "கிருமிக்குத்தானே சார் மருந்து? ஏன் கேக்கலை?" என்றார்.

நியாயமான கேள்வி. உயிரணுவில் புரதம் செய்யும் இடம் ரைபோசோம். டி.என்.ஏ.வில் உள்ள செய்தியின் படியைத் தூது ஆர்.என்.ஏ. ஒரு சீட்டைப்போல் கொண்டுவரும். ரைபோசோம் அதை மும்மூன்று எழுத்தாகப் படித்து அமினோ அமிலங்களைக் கோக்கும். பாக்டீரியாவுக்குச் சொந்த ரைபோசோம் உண்டு; அது நம்முடையதினின்றும் இறாலினுடையதினின்றும் அமைப்பில் வேறுபட்டது. டெட்ராசைக்ளின் அதில் ஒட்டிக்கொண்டு, அமினோ அமிலங்கள் வந்து சேரவொட்டாமல் தடுக்கிறது. வைரஸிடமோ ரைபோசோமே கிடையாது! வெள்ளைப்புள்ளி வைரஸின் புரதங்களை இறாலின் ரைபோசோமே செய்து தருகிறது. மருந்து தேடிச் செல்லும் இலக்கே வைரஸில் இல்லை. மிஞ்சுவது, இறாலில் மருந்தின் எச்சம். அதைக் கண்டால் வெளிநாட்டார் சரக்கையே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

'கைப்பற்றுகிறது' என்ற சொல்லும் எனக்கு உவப்பாயில்லை. சீட்டு யாருடையது என்று ரைபோசோம் பார்ப்பதில்லை. முறையாக வந்து சேர்ந்தால் படிக்கும். ஆகவே தன் சீட்டை முந்திப் படிக்கச் செய்வதே வைரஸின் வேலை. போலியோ வைரஸைப் பாருங்கள். நம் தூது ஆர்.என்.ஏ.வின் முனையில் தொப்பி போன்ற ஓர் அடையாளம் உண்டு. அதைப் பற்றி ரைபோசோமிடம் சேர்ப்பிக்கும் புரதங்களில் ஒன்றைப் போலியோ வைரஸின் நொதி வெட்டிவிடுகிறது. நம் சீட்டுகள் வாசலிலேயே தேங்கி நிற்கின்றன. தொப்பியில்லாத அதன் சீட்டிலோ, ரைபோசோமை நேரே வரவழைக்கும் மடிப்பு ஒன்று உள்ளது. இந்த வழி 1988இல் வெளியாயிற்று. வெள்ளைப்புள்ளி வைரஸின் சில செய்திகளிலும் இத்தகைய பகுதிகளைக் கண்டிருக்கிறார்கள். இவ்வளவு சுவையான கதையை ஒரு சொல்லால் மூடிவிடுகிறோமே!

உவமை வேண்டுமென்றால் இக்கரையிலேயே உண்டு. வேப்பலோடையில் 1973இல் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் முத்து வளர்த்தனர். சிப்பிக்குள் மணியை மட்டும் வைத்தால் போதாது. வேறொரு சிப்பியின் மென்படலத் துண்டையும் சேர்த்து வைக்கவேண்டும். அத்துண்டின் உயிரணுக்களே பெருகி மணியைச் சுற்றி முத்துப் பூச்சைப் பூசுகின்றன. உணவு இந்தச் சிப்பியினுடையது. கட்டளை அந்தத் துண்டினுடையது. உவமைக்கு எல்லை உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன்: துண்டு தன் ரைபோசோமையும் உடன் கொண்டுவருகிறது, வைரஸுக்கு அந்தச் சுமையும் இல்லை.

பாக்டீரியாவையும் வைரஸையும் 'கிருமி' என்று ஒரே சாக்கில் கட்டாமல் எழுதுவது அப்படியொன்றும் கடினமன்று. பண்ணைக்காரரிடம் இதையெல்லாம் மணலில் கோடு போட்டுச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ என்னதான் சார் செய்ய?" என்றார். குளத்தில் விடுமுன் குஞ்சுகளைப் பி.சி.ஆர். சோதனை செய்து, வைரஸ் இல்லாதவற்றையே வாங்குங்கள் அண்ணாச்சி என்றேன். சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் அதற்கான சோதனை முறையை உருவாக்கியிருப்பதையும் சொன்னேன். பெயரை ஒரு சிகரெட்டு அட்டையின் பின்புறம் எழுதி வாங்கிக்கொண்டார்.