பெயரொற்றுமையும் நம் இலக்கிய வரலாறும்

ஹதீஸ் கலையைக் கற்போர் முதலில் பெறும் எச்சரிக்கைகளுள் ஒன்று: பெயர் ஒன்றாக இருப்பதால் ஆளும் ஒருவரே என எண்ணிவிடலாகாது. இதற்கெனவே கதீபுல் பக்தாதீ (மறைவு ஹி. 463 / கி.பி. 1071) 'அல்முத்தஃபிக் வல்முஃப்தரிக்' என்னும் நூலை யாத்தார். இப்னுஸ் ஸலாஹ் (ஹி. 643 / கி.பி. 1245) தம் 'முகத்திமா'வில் கலீல் இப்னு அஹ்மத் என்ற பெயரில் மட்டும் அறுவரைப் பிரித்துக் காட்டுகிறார். அரபு யாப்பிலக்கணம் கண்ட கலீல் அவர்களுள் ஒருவரே.

இது வெறும் புலமை விளையாட்டன்று. வரலாற்றாசிரியரும் தஃப்ஸீர் மேதையுமான முஹம்மத் இப்னு ஜரீர் தபரீ (ஹி. 310 / கி.பி. 923) ஷீஆக் கொள்கையினர் என்று பழிக்கப்பட்டார். அதே பெயரும் அதே ஊர்ப்பெயரும் கொண்ட ஷீஆ அறிஞர் ஒருவர் உண்டு. முன்னவரின் பாட்டனார் யஸீத். பின்னவரின் பாட்டனார் ருஸ்தம். பின்னவர் கருத்துகள் முன்னவர்மீது ஏற்றப்பட்டன என்று பிற்கால அறிஞர் சிலர் விளக்கியுள்ளனர். ஒரு பேரறிஞரின் மானம் பாட்டனாரின் பெயரில் தங்கியிருந்தது!

இந்நுட்பத்தைப் பாடமாக ஓதிய நம்மவர்கள், தமிழ் முஸ்லிம் இலக்கியம் பற்றி எழுதப் புகுந்ததும் அதனை மதரஸாவின் வாசலிலேயே விட்டுவிடுகின்றனர். 'அப்துல் காதிர்' என்னும் ஒரு பெயரே போதிய சான்று.

பக்தாதில் அடங்கியிருக்கும் முஹ்யித்தீன் அப்துல் காதிர் ஜீலானீ (ரஹ்) அவர்கள் (ஹி. 561 / கி.பி. 1166) மீது கொண்ட பற்றாலும், காதிரிய்யா தரீக்காவின் செல்வாக்காலும் இப்பெயர் நம் கடற்கரை ஊர்களில் வீடுதோறும் வழங்கலாயிற்று. நாகூர் நாயகமும் செய்யிது அப்துல் காதிர் ஷாஹுல் ஹமீதுதாம். காயல்பட்டினத்துச் சேகனாப் புலவரின் முழுப்பெயர் செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம். அவர் ஜீலானீ (ரஹ்) மீது 'குத்பு நாயகம்' பாடினார். நாகூர் நாயகத்தின்மீது 'திருக்காரணப் புராணம்' பாடினார். ஆக, ஓர் அப்துல் காதிர் இரண்டு அப்துல் காதிர்களைக் காப்பியத் தலைவர்களாக்கினார். குணங்குடி மஸ்தான் சாகிபின் (மறைவு 1838) இயற்பெயர் சுல்தான் அப்துல் காதிர். அவருக்குக் கீழக்கரையில் ஓதிக்கொடுத்த தைக்கா சாகிபும் (மறைவு 1850) செய்கு அப்துல் காதிரே. இலங்கைக்குச் சென்றால் கண்டியில் அருள்வாக்கி அப்துல் காதிர்ப் புலவர் நிற்கிறார்.

இத்தனை பேரிருக்க, "அப்துல் காதிர் பாடினார்" என்று ஒரு கட்டுரையாளர் எழுதிச் செல்வாராயின் வாசகர் யாரை நினைப்பார்? நூலகப் பட்டியலில் காதிர், காதிறு, காதர் என மூன்று எழுத்துமுறைகள் ஒருவரையே மூவராக்குவதும் உண்டு. போதாக்குறைக்கு, 'அல்ஃபர்க் பைனல் ஃபிரக்' எழுதிய பக்தாதீ (ஹி. 429 / கி.பி. 1037) அப்துல் காஹிர், 'கிஸானத்துல் அதப்' எழுதிய பக்தாதீ (ஹி. 1093 / கி.பி. 1682) அப்துல் காதிர். இருவருக்கும் இடையே அறுநூறு ஆண்டுகளுக்கு மேல். எழுத்திலோ ஹேயும் தாலும் மட்டுமே வேறுபாடு. அச்சுக்கோப்பவரின் ஒரு கைப்பிசகு போதும்.

ஒன்று நம்மை வியக்க வைக்கிறது. தம்மையே மறந்து திரிந்த குணங்குடியாரை எவரும் பிறரோடு மயங்குவதில்லை. 'மஸ்தான்' என்ற லகப் அவரைக் காத்தது. தைக்கா சாகிபையும் அப்படியே. லகபையும் ஊரையும் குடிப்பெயரையும் முன்னோர் அழகுக்காகச் சேர்க்கவில்லை. இன்றைய பதிப்புகளோ அட்டையில் இடமில்லை என்று அவற்றை வெட்டிவிட்டு, ஒற்றைத் தலைப்பெழுத்தை வைக்கின்றன. 'மு.' என்பது முஹம்மதா, முஸ்தஃபாவா, முஹ்யித்தீனா? எம் ஊராகிய ஆர்.கே.பேட்டையில் அவ்விரு எழுத்தும் இராமகிருஷ்ண ராஜுவைக் குறிக்கும், சென்னை ஆர்.கே. நகரிலோ இராதாகிருஷ்ணனை. ஊர்க்காரருக்கு அது போதும், வரலாற்றுக்குப் போதாது.

இனி வரும் பதிப்புகளில் தந்தை பெயர், ஊர், லகப், மறைவாண்டு ஆகிய நான்கையும் முதற்பக்கத்திலேயே தருமாறு பதிப்பாசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறோம். ஆண்டு ஐயத்திற்குரியதாயின் நூற்றாண்டையாவது குறிக்கலாம். அச்சிட இரண்டு வரிகளே ஆகும்.