சோடா உப்புக் கணக்கு

ஒரு கிலோ சுருள்பாசி (ஸ்பைருலினா) வளர 1.8 கிலோ கரியமில வாயுவை உண்கிறதாம். ஸ்பைருலினா மாத்திரைக்குப் பசுமைப் பட்டம் கட்டுகிறவர்கள் முதலில் நீட்டுவது இந்த எண்ணைத்தான். எண் சரி, அதை வைத்துச் செய்யும் வாதம்தான் கோணல்.

நல்லதைச் சொல்லிவிடுகிறேன். விளைநிலம் வேண்டாம். உலர் எடையில் 60 சதவீதம் வரை புரதம். கிலோ புரதத்துக்கு ஆகும் தண்ணீர் நெல்லைவிடக் குறைவு. ஆயிரம் அடி போர் போட்டும் புழுதி பறக்கும் சித்தூரில் இது சின்ன விஷயமில்லை. விஞ்ஞானி சி. வி. சேஷாத்ரி சென்னை முருகப்ப செட்டியார் ஆய்வு மையத்தில் இதைக் கையிலெடுத்ததும் ஏழைக் குழந்தைகளின் ஊட்டத்துக்காகத்தான், அழகு மாத்திரைக்காக அல்ல.

என் சண்டை சோடா உப்போடு. பாசிக்கு வேண்டிய கரி பெரும்பாலும் காற்றிலிருந்து இறங்குவதில்லை, மூட்டையிலிருந்து கொட்டப்படுகிறது. ஆய்வகங்களில் பாசி வளர்க்கும் சாருக் (Zarrouk) கலவையில் லிட்டருக்கு 16.8 கிராம் சோடியம் பைகார்பனேட், அதாவது சோடா உப்பு. ஒரு ஏக்கர் குட்டையில் 20 செ.மீ. தண்ணீர் நின்றால் எட்டு லட்சம் லிட்டர். அதற்கு 13 டன்னுக்கு மேல் உப்பு. சிக்கனமாகப் பாதி போட்டாலும் ஏறக்குறைய ஏழு டன். அது பெரும்பாலும் குஜராத் கடலோரத்து ஆலைகளில், கோக் கரி எரித்துச் சுண்ணாம்புக்கல்லைச் சுட்டுச் செய்த சரக்கு. அங்கே புகைபோக்கியில் போன கரியை யார் கணக்கில் எழுதுவது? காரத்தன்மை கூடிய குட்டை காற்றிலிருந்தும் கொஞ்சம் இழுக்கும், உண்மைதான். ஆனால் இழுத்ததும் மாத்திரையாகி, விழுங்கியவர் மூச்சிலேயே வெளியேறிவிடுகிறது. இதற்குப் பெயர் கரிச் சேமிப்பா?

அதைவிட எனக்கு உறுத்துவது வால் பகுதி. பாசி கரியை எடுத்துக்கொள்ளும். சோடியத்தை அப்படியே விட்டுவிடும். உப்பு ஏற ஏற ஒரு நாள் குட்டையைக் காலி செய்தாக வேண்டும். pH 10 தொட்ட அந்தத் தண்ணீர் வேர்க்கடலைக் கொல்லைக்குப் பாய்ந்தால் மண் இறுகும், களராகும். ஜிப்சம் போட்டு மீட்பதற்குள் ஆண்டுகள் ஓடும். மழை குறைந்த மண்ணில் உப்பை அடித்துக்கொண்டு போகவும் ஆளில்லை. தரிசுதானே என்று சித்தூர், திருப்பதிப் பக்கத்து மேட்டு நிலங்களைக் காட்டுகிறவர்கள் இதைப் பேசுவதே இல்லை.

பால்மாடுகள் நிறைந்த ஊரில் சாண எரிவாயுவுக்குப் பஞ்சமில்லை. அதில் மூன்றிலொரு பங்கு கரியமில வாயு. அதைக் குட்டையில் விட்டால் உப்பு மூட்டை குறையும். போட்ட சோடியம் மட்டும் எங்கும் போகாது. கழிவுநீரை எந்தச் சர்வே எண்ணில் விடப்போகிறீர்கள் என்று பாசிக் குட்டைக்கான கடன் மனுவிலேயே ஒரு கட்டம் அச்சிட வேண்டும்.